கிராண்டில் பெயர் இருந்தும் அனுமதி இல்லாத வீடு

2022ஆம் ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் சித்தப்பா வீட்டு முன்கதவில் நகராண்மைக் கழகத்தின் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. மலாய் மொழியில் இரண்டு பக்கம். அவர் அதைக் கிழித்தெறியவில்லை. ஓரம் கசங்காமல் உரித்தெடுத்து, நிலவரி ரசீதுகள் வைக்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டு என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "தம்பி, கிராண்டில் என் பெயர் இருக்கிறது. வருடம் தவறாமல் வரி கட்டுகிறேன். பிறகு எப்படி இது அனுமதி இல்லாத வீடு ஆகும்?" என்று கேட்டார். கிராண்ட் என்பது நில உரிமைப் பத்திரம்.

நான் இந்த ஊரில் கட்டட வரைவாளராக வேலை பார்க்கிறேன். சித்தப்பா கேட்ட கேள்வியை அதற்கு முன்பும் பலர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். சொந்தக் குடும்பம் என்பதால் இந்த ஒன்றை அடிவரை போய்ப் பார்க்க நேர்ந்தது. மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவின் கெடா மாநிலத்தில், தென்பகுதியில் இருக்கிறது. சுற்றிலும் முன்பு பால்மரம் என்னும் ரப்பர், இப்போது செம்பனை, நடுநடுவே தாமான் எனப்படும் புதிய வீடமைப்புப் பகுதிகள். சித்தப்பா பால்மரம் வெட்டத் தொடங்கி, மரம் மாறியதும் செம்பனைக் குலை அறுத்தவர். சின்னம்மா அதே தோட்டத்தில் உரம் போட்டார், களைக்கொல்லி தெளித்தார். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வீடு என்பது கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், சாவி கொடுக்கும் ஒன்று. லயம் என்னும் வரிசை வீடு எந்த நிலத்தில் நிற்கிறது, யார் அனுமதித்தது, தண்ணீர்க் குழாய் யார் பொறுப்பு என்பதெல்லாம் நிர்வாகத்தின் வேலை. தொழிலாளர் குடியிருப்புக்கு முதலாளிதான் பொறுப்பு என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டமும் சொல்கிறது. வேலை ஓய்வு வந்தது, வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள், ஊழியர் சேமநிதிப் பணம் கையில் இருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக நிலம் வாங்கப் போகும் ஒருவருக்கு எந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தர அங்கே யாருமில்லை.

வாங்கிய நிலம்

தரகர் காட்டியது 5 ரெலோங் நிலம். கெடாவில் இன்றும் பெரியவர்கள் ஏக்கர் கணக்கு பேசுவதில்லை, ரெலோங்தான். ஒரு ரெலோங் ஏறத்தாழ 0.29 ஹெக்டர். ஆக மொத்தம் 1.44 ஹெக்டர், சுமார் மூன்றரை ஏக்கர். அதை 24 துண்டுகளாகக் கயிறு கட்டி, மரக் குச்சி நட்டு, ஒவ்வொன்றும் 5,000 சதுர அடி என்று விற்றிருந்தார்கள். மீதி இடத்தில் மண்பாதை.

மலாயில் இப்படிப்பட்ட மனைகளுக்கு 'லோட் லிடி' என்று பெயர். லிடி என்றால் தென்னை ஈர்க்கு. துடைப்பத்து ஈர்க்குகளைப் போல ஒல்லியாக, நெருக்கமாக, ஒரே கட்டில் கிடக்கும் துண்டுகள். நில அலுவலகத்தின் பார்வையில் அந்த 24 துண்டுகள் இல்லவே இல்லை. அங்கே இருப்பது ஒரே நிலம், ஒரே கிராண்ட், அதில் 24 பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 1/24 பங்கு. சித்தப்பாவின் பங்கு எந்த மூலையில் இருக்கிறது என்று அந்தப் பத்திரம் எங்கும் சொல்லவில்லை. குச்சி நட்ட இடம் அவருடையது என்பது வாங்கியவர்களுக்குள் இருந்த வாய்ச்சொல் உடன்பாடு மட்டுமே.

தோட்டத்துண்டாடல் நடந்த காலத்தை எங்கள் பெற்றோர் பார்த்திருக்கிறார்கள். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்க, லயங்களோடு மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அதைத் தடுக்கத்தான் அப்போதைய மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் நிலச் சட்டத்திலேயே 214ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் கைமாற்றக் கூடாது என்று விதி வந்தது. ஆனால் 5 ரெலோங் அந்த வேலிக்குள் வராது. பெரிய துண்டாடலுக்குக் காவல் இருக்கிறது. சின்னத் துண்டாடல் நம் கண்முன்னே, நம் மக்களின் சேமிப்பிலேயே நடக்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை.

தரகர் சொன்ன பாதி உண்மை

"இந்த இடம் குடியிருப்பு மண்டலத்தில் இருக்கிறது, நீங்களே பாருங்கள்" என்று தரகர் ஒரு வண்ண வரைபடத்தைக் காட்டினாராம். சித்தப்பா அந்த நகலைப் பத்திரமாக வைத்திருந்தார். நான் அதை எடுத்துக்கொண்டு சின்னம்மாவோடு நகராண்மைக் கழகத்தின் திட்டப் பிரிவுக்குப் போனேன். முகப்பில் இருந்த இளம் அதிகாரி பொறுமையாகப் பெரிய வரைபடத்தை விரித்துக் காட்டினார். தரகர் பொய் சொல்லவில்லை. மாவட்டத்தின் உள்ளூர்த் திட்டத்தில், அதாவது 'ரஞ்சாங்கான் தெம்பத்தான்' என்று அழைக்கப்படும் திட்டத்தில், அந்தப் பகுதி எதிர்காலக் குடியிருப்பு என்றுதான் நிறம் தீட்டப்பட்டிருந்தது.

பிறகு கிராண்டை எடுத்துப் பார்த்தோம். அதில் நிலப் பயன்பாட்டு வகை: விவசாயம். வெளிப்படை நிபந்தனை: ரப்பர்.

பலரும் இடறும் கல் இதுதான், ஆகவே இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். நம் நாட்டில் நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் இருக்கிறது. தீபகற்பம் முழுவதற்கும் 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் பொருந்துகிறது. அந்தச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என மூன்று வகையாகப் பிரித்து, அந்த வகையையும் அதற்குரிய நிபந்தனையையும் கிராண்டிலேயே எழுதிவைக்கிறது. மண்டலம் என்பது வேறொரு சட்டத்தின் பிள்ளை. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டம், அதாவது 172ஆம் சட்டம், மாநிலத்துக்கு ஒரு கட்டமைப்புத் திட்டத்தையும் அதன் கீழ் உள்ளூர்த் திட்டங்களையும் உருவாக்குகிறது. வரைபடத்தில் தீட்டப்படும் நிறம், இந்த இடம் வருங்காலத்தில் எதற்குப் பயன்படலாம் என்ற திட்ட அதிகாரியின் எண்ணத்தைக் காட்டுகிறது. கிராண்டில் உள்ள வரி, இந்த நிலத்தை எந்த நிபந்தனையோடு அரசு உங்களிடம் கொடுத்திருக்கிறது என்பதைச் சொல்கிறது.

இரண்டும் மோதினால் எது நிற்கும்? நிலச் சட்டத்தின் 108ஆம் பிரிவு நேராகவே பதில் சொல்கிறது. கிராண்டில் வெளிப்படையான பயன்பாட்டு நிபந்தனை இருக்கும்வரை, அதற்கு முரணான உள்ளூர் அதிகாரசபையின் துணைவிதியோ திட்டக் கட்டுப்பாடோ அந்த நிலத்துக்குச் செல்லாது. வரைபடம் குடியிருப்பு என்றாலும் கிராண்ட் ரப்பர் என்றால் அது ரப்பர் நிலமே. மண்டல நிறம் செய்யும் ஒரே உதவி, மாற்றம் கேட்டு மனுப் போட்டால் "திட்டத்தோடு ஒத்துப்போகவில்லை" என்ற காரணத்தால் மறுக்கப்படும் வாய்ப்பைக் குறைப்பதுதான். சித்தப்பா கையில் இருந்தது வீடு கட்டும் உரிமை அல்ல, மனுப் போட ஒரு நல்ல காரணம் மட்டுமே.

சின்னம்மா அந்த முகப்பிலேயே கேட்டார்: "அப்படியானால் அந்தப் படத்தை எதற்கு ஊருக்குக் காட்டுகிறார்கள்?" நல்ல கேள்வி. உள்ளூர்த் திட்டத்தின் வரைவை அங்கீகரிக்கும் முன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த நான்கு வாரத்தில் தோட்டப்புறத்திலிருந்து எத்தனை பேர் போய்ப் பார்க்கிறோம்? நமது சுடுகாடு, கோயில், தமிழ்ப்பள்ளி, பழைய லயம் இவையெல்லாம் எந்த நிறத்தில் இருக்கின்றன என்று கேட்கும் நேரம் அதுதான். திட்டம் அரசிதழில் ஏறிய பிறகு கேட்டால் கேள்வி மட்டும் மிஞ்சும்.

"விவசாய நிலத்தில் ஒரு வீடு கட்டலாமே"

நிலம் வாங்கிய எல்லோரும் சொல்லும் அடுத்த வாதம் இது. சித்தப்பாவும் சொன்னார். இதிலும் பாதி உண்மை இருக்கிறது. நிலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, விவசாய நிலத்தில் உரிமையாளரும் அங்கே விவசாய வேலை செய்பவர்களும் குடியிருக்க வீடு கட்டுவதை அனுமதிக்கிறது. தோட்டத்துக்கு நடுவே பண்ணைவீடு கட்டி வாழ்பவர்கள் நிற்பது இந்த விதியின் மேல்தான்.

ஆனால் சித்தப்பாவின் நிலத்தில் 24 உரிமையாளர்கள். ஆளுக்கொரு வீடு கட்டினால் அங்கே ரப்பருக்கு இடமே இருக்காது. அது விவசாய நிலத்தில் நிற்கும் வீடு என்ற நிலையைத் தாண்டி ஒரு சிறு தாமான் ஆகிவிடும். அறிவிப்பு வந்தபோது ஒன்பது வீடுகள் எழும்பியிருந்தன, இரண்டில் வாடகைக்கு ஆள் இருந்தது. பால்மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. நிபந்தனை மீறல் என்று நில அலுவலகம் முடிவு செய்தால் முதலில் சரிசெய்யச் சொல்லி 7ஏ படிவத்தில் அறிவிப்பு அனுப்பலாம். அதற்கும் மசியாவிட்டால் நிலத்தைப் பறிமுதல் செய்யும் அதிகாரமே அதற்கு உண்டு. 24 பங்குக்கும் ஒரே கிராண்ட் என்பதால், வீடே கட்டாமல் மரவள்ளி நட்டு வைத்திருந்தவரின் பங்கும் அந்த ஆபத்துக்குள் வருகிறது. இதைச் சொன்னபோது சித்தப்பா வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

நிலம் ஒருபுறம் இருக்க, கட்டடத்துக்குத் தனி அனுமதி வேண்டும். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவின்படி, நகராண்மைக் கழகம் பிளானை அங்கீகரிக்காமல் கட்டடம் எழுப்பக் கூடாது. கட்டி முடித்த பின் 'சி.சி.சி.' என்னும் நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் குடிபோகக் கூடாது. 2007ஆம் ஆண்டிலிருந்து அந்தச் சான்றிதழை நகராண்மைக் கழகம் கொடுப்பதில்லை, பிளானைச் சமர்ப்பித்த பதிவுபெற்ற நிபுணரே தன் பொறுப்பில் கையெழுத்திட்டுத் தருகிறார். சித்தப்பா வீட்டைக் கட்டிய குத்தகைக்காரர் பிளானே போடவில்லை. "கம்பத்து வீட்டுக்கு எதற்குப் பிளான்" என்றாராம். கம்பம் என்றால் கிராமம்.

வரி கட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நில அலுவலகம் நிலவரியை நிலத்துக்காக வாங்குகிறது. நகராண்மைக் கழகம் மதிப்பீட்டு வரியை அந்த எல்லைக்குள் இருக்கும் சொத்துக்காக வாங்குகிறது. அந்த ரசீதுகளில் எதுவும் கட்டடத்துக்கு ஒப்புதல் ஆகாது. சித்தப்பாவின் பிளாஸ்டிக் உறையில் ஆறு வருட ரசீதுகள் வரிசையாக இருந்தன. அவருடைய நேர்மைக்கு அவை சாட்சி. வீட்டின் அனுமதிக்குச் சாட்சி அல்ல.

172ஆம் சட்டத்தின் 26ஆம் பிரிவில், திட்ட அனுமதி இல்லாமல் நிலத்தை மேம்படுத்துவதற்கு 5 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும், குற்றம் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 வெள்ளி வரை கூடுதல் அபராதமும் உண்டு. இது உச்ச வரம்பு. ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு அதை அப்படியே விதித்ததை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த எண்களை வாசித்த இரவு சின்னம்மா தூங்கவில்லை.

வழி தேடியபோது

முதலில் நாங்கள் நினைத்தது பங்குபிரிப்பு. 24 பேரும் சேர்ந்து மனுப் போட்டு, ஆளுக்கொரு கிராண்டாகப் பிரித்துக்கொள்வது. அது நடக்காது என்று தெரிய ஒரே நாள் போதுமாக இருந்தது. விவசாய நிலத்தைப் பிரித்தால் ஒரு துண்டு 0.4 ஹெக்டருக்குக் குறையக் கூடாது. ரெலோங் கணக்கில் அது கிட்டத்தட்ட 1.4. எங்களிடம் இருப்பதோ 5 ரெலோங். மூன்று துண்டுக்கு மேல் வராது.

எஞ்சிய வழி நிலத்தின் வகையையே மாற்றுவது. நிலச் சட்டத்தின் 204டி பிரிவின் கீழ் முழு நிலத்தையும் அரசிடம் ஒப்படைத்து, அதைக் கட்டட வகையில் தனித்தனி லாட்டுகளாகத் திரும்பப் பெறலாம். சொல்ல ஒரு வரிதான். அதற்கு உரிமம் பெற்ற நில அளவையாளர் வேண்டும், திட்டமிடுநர் வரையும் மனைப்பிரிவு வரைபடம் வேண்டும், வடிகால், மின்சாரம், தண்ணீர், சாலை என ஒவ்வொரு துறையின் கருத்தும் வேண்டும். வகை மாற்றத்துக்கு மாநில அரசு பிரிமியம் என்னும் கட்டணத்தை விதிக்கும், அதன் கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மாறிய பிறகு நிலவரியும் ஏறும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கிராண்டில் பெயருள்ள ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும்.

24 பேரில் ஒருவர் ஜொகூரில், ஒருவர் சிங்கப்பூரில். ஒருவர் தரகர்மேல் உள்ள கோபத்தில் எதிலும் கையெழுத்திட மாட்டேன் என்றார், அவருடைய கோபம் நியாயமானது. ஒருவர் 2020இல் இறந்துவிட்டார், வாரிசுகள் பெயர்மாற்றம் செய்யவில்லை. இறந்தவருக்காக மனைவியோ மகனோ சும்மா கையெழுத்திட முடியாது. 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டு, விசாரணை முடிந்து, வாரிசின் பெயர் கிராண்டில் ஏற வேண்டும். அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு சின்னம்மாதான் நில அலுவலகத்துக்கு நான்கு முறை போய்வந்தார். வருடம் முழுவதும் வெயிலில் நின்று பழகியவர்களுக்கு வரிசையில் நிற்பது பெரிதல்ல. எந்த முகப்பு, எந்தப் படிவம் என்று தெரியாமல் நிற்பதுதான் அவர்களைச் சோர்வடையச் செய்கிறது.

எதிர்பாராத இடத்திலிருந்து இன்னொரு தடை வந்தது. முதல் வரைபடம் சாலை காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டது. நாங்கள் தினமும் மோட்டார்சைக்கிளில் போய்வரும் செம்மண் பாதை, பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தின் சொந்த நிலத்தில் ஓடுகிறது. அது பொதுச்சாலை அல்ல, சாலை ஒதுக்கீடும் அல்ல. கம்பெனி நாளைக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டினால் 24 பேருக்கும் சட்டப்படி வழி கிடையாது. தோட்டத்துப் பாதைகளில் நடந்தே வளர்ந்த நமக்கு, பாதைக்கும் ஓர் உடைமைக்காரர் இருப்பார் என்ற நினைப்பே எழுவதில்லை. நிலச் சட்டத்தில் நில நிர்வாகி வழியுரிமை ஏற்படுத்தித் தர ஒரு பகுதி இருக்கிறது. அதற்குத் தனி மனு போட்டோம். தோட்ட நிர்வாகத்தோடு பேசினோம், கதவு வைத்தாலும் பூட்டுவதில்லை என்று வாயளவில் ஒப்புக்கொண்டார்கள். வாய்வார்த்தை வரைபடத்தில் ஏறாது என்று நில அளவையாளர் சொல்லிவிட்டார்.

இப்போது என்னிடம் நிலம் வாங்குவதைப் பற்றிக் கேட்டு வருபவர்களிடம், முன்பணம் கொடுக்கும் முன் கிராண்ட் எண்ணோடு நில அலுவலகத்துக்குப் போய் அதிகாரபூர்வத் தேடலுக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறேன். தரகர் தரும் நகலை நம்பக் கூடாது, அது எந்த வருடத்து நகல் என்று யாருக்கும் தெரியாது. தேடல் சான்றிதழ் கையில் வந்ததும் நான் விரல் வைக்கும் இடங்கள்: பயன்பாட்டு வகை, வெளிப்படை நிபந்தனை, உரிமைக் கட்டுப்பாடு, உரிமையாளர் பெயர்களும் பங்கும், கைமாற்றத்தைத் தடுக்கும் கேவியட் பதிவு ஏதும் இருக்கிறதா என்பது. கெடாவில் அது மலாய்க்காரர்களுக்கென ஒதுக்கப்பட்ட மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பதையும் அதிலேயே பார்த்துவிட வேண்டும், நம்மவர் பெயருக்கு அது மாறாது. மண்டலத்தை அதற்குப் பிறகு பார்த்தால் போதும். அரசின் திட்டமிடல் துறையான பிளான்மலேசியாவின் ஐ-பிளான் இணையத்தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம், உறுதி செய்ய நகராண்மைக் கழகத்தின் திட்டப் பிரிவுக்குப் போகலாம். வரிசை முக்கியம். வண்ணப் படத்தை முதலில் பார்த்தவர் மனத்துக்குள் வீடு கட்டத் தொடங்கிவிடுகிறார். பிறகு கிராண்டை வாசிக்கும் பொறுமை அவருக்கு இருப்பதில்லை.

நகராண்மைக் கழகத்துக்கு நாங்கள் எழுதிய கடிதத்தில் எதையும் மறைக்கவில்லை. அனுமதி இல்லாமல் கட்டியது உண்மை, வகை மாற்றத்துக்கு விண்ணப்பம் தயாராகிறது, அதுவரை இடிப்பு நடவடிக்கையை நிறுத்திவைக்க வேண்டுகிறோம் என்று ஒன்பது வீட்டுக்காரரும் கையெழுத்திட்டோம். புதிதாக ஒரு செங்கல்லும் வைப்பதில்லை என்றும் எழுதிக்கொடுத்தோம். அதை அவர்கள் ஏற்றுக்கொண்டு, கோப்பு நகரும்வரை காலம் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி போதாததால் சித்தப்பா வீட்டுச் சமையலறைச் சுவரை உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும். அதன் பிளானை நானே வரைந்து வைத்திருக்கிறேன், நிலம் மாறும்வரை அதைச் சமர்ப்பிக்க முடியாது.

கையெழுத்து 23 ஆகிவிட்டது. கோபத்தில் இருந்தவர் போன மாதம் தானாகவே சித்தப்பா வீட்டுக்கு வந்து போட்டுவிட்டுப் போனார். இறந்தவரின் மனைவி பெயர் கிராண்டில் ஏறியதும் 24ஆவது கையெழுத்தும் சேரும். புதிய வரைபடத்தில் உட்சாலை அகலமாகிறது. சின்னம்மா குடிவந்த அன்று நட்ட கறிவேப்பிலை மரம் அதற்குள் வருகிறது என்று நில அளவையாளர் சொன்ன மறுநாளே, அதன் அடியில் முளைத்திருந்த மூன்று கன்றுகளைப் பிடுங்கிப் பழைய சாய டின்களில் நட்டு, இடிக்கப்போகும் சமையலறைச் சுவரோரம் வைத்திருக்கிறார்.